களைப்புக்கு எந்த ரத்தப் பரிசோதனை? தைராய்டு, இரும்பு, பி12, வைட்டமின் டி: ஓர் ஒப்பீடு

எழுந்ததிலிருந்தே அசதி, சீப்பில் கொத்தாக முடி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல், மற்றவருக்கு வேர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர். இவ்வளவையும் கேட்டுவிட்டு, இது தைராய்டு, இது இரும்புச்சத்து, இது பி12 என்று பிரித்துச் சொல்வது அனுபவப்பட்ட மருத்துவருக்கும் கடினம். மூன்றின் அறிகுறிகளும் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தம்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

எந்தப் பரிசோதனை என்பதில்தான் குழப்பம். தைராய்டு கோளாறை முதலில் காட்டும் டி.எஸ்.எச். ஒன்று போதும் என்பார் ஒருவர். தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4-ஐயும் சேர்த்து மூன்றையும் பார்க்கச் சொல்வார் இன்னொருவர். எண்பது அளவீடுகள் அடங்கிய முழுவுடல் பேக்கேஜை லேப் நீட்டும். வீட்டில் இருப்பவரோ, 'பரிசோதனை எதற்கு, சத்து மாத்திரை போட்டுப் பார்' என்பார். இந்த வழிகளில் எது யாருக்குப் பொருந்தும், எது எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கர்ப்பமோ ஏற்கெனவே தெரிந்த நோயோ இல்லாத ஒரு பெரியவருக்கு, இந்த நான்கு சந்தேகங்களையும் பொறுத்தவரை முதல் சுற்றில் நான்கு பரிசோதனை போதும்: டி.எஸ்.எச்., முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12. சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பது வேறு கணக்கு. இந்த நான்கின் முடிவு கேட்டால் மட்டும் இரண்டாம் சுற்று. நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், கறுப்பு மலம், மயக்கம் என்று எதுவும் இருந்தால் இந்தச் சுற்றுக் கணக்கெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பேக்கேஜ் ஏன் முதல் தேர்வு இல்லை

நிறைய பார்த்தால் நிறைய தெரியும் என்பது இயல்பான நினைப்பு. ஆனால் ரிப்போர்ட்டில் அச்சிடும் நார்மல் ரேஞ்ச் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அந்த நினைப்பு மாறும். ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்தை அளந்து, நடுவில் விழும் 95 சதவீதத்தைத்தான் பெரும்பாலும் ரேஞ்ச் என்று வைக்கிறார்கள். அதாவது நூறு ஆரோக்கியமானவர்களில் ஐந்து பேர் எப்படியும் வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நோயே இல்லாத ஒருவருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எண்பது அளவீடு என்றால் சொல்லவே வேண்டாம். அந்த ஒரு தடித்த எழுத்தைத் துரத்திக்கொண்டு அடுத்த பரிசோதனை, ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள்.

பேக்கேஜை எடுத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். தைராய்டு என்ற தலைப்பின் கீழ் இருப்பது மொத்த டி3, மொத்த டி4-ஆ, அல்லது புரதத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் ஃப்ரீ டி4-ஆ? இரும்பு என்ற தலைப்பில் ஃபெரிட்டின் இருக்கிறதா, அல்லது ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் சீரம் அயர்ன் மட்டும்தானா? இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கும் பதில்தான் அந்தப் பேக்கேஜ் உங்களுக்கு உதவுமா என்பதைத் தீர்மானிக்கும். காரணத்தைக் கீழே பார்ப்போம்.

தைராய்டு: ஒன்றா, இரண்டா, மூன்றா

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் சற்றுக் குறைந்தாலே பிட்யூட்டரி கட்டளையைப் பல மடங்கு கூட்டிவிடும். டி4 இன்னும் நார்மல் எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். இரண்டு மடங்கு ஏறி நிற்பது அதனால்தான். கோளாறை முதலில் காட்டிக் கொடுக்கும் பரிசோதனை இதுவே. பெரியவர்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 மில்லி யூனிட் வரை நார்மல். வயது ஏற ஏற மேல் எல்லையும் ஏறும். எழுபது தாண்டியவருக்கு 5.5 வந்தால், முப்பது வயதுக்காரரின் 5.5 போல அதைப் பார்க்கக் கூடாது.

அப்படியானால் டி.எஸ்.எச். மட்டும் போதுமா? முதல் சுற்றுக்குப் பெரும்பாலானோருக்குப் போதும். அது நார்மலாக இருந்தால் சாதாரண தைராய்டு கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது ஏமாற்றும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. கோளாறு பிட்யூட்டரியிலேயே இருந்தால் கட்டளை அனுப்பும் இடமே பழுது. டி4 குறைந்து கிடக்க, டி.எஸ்.எச். நார்மலாகவோ குறைவாகவோ வந்துவிடும். ஓயாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது, காரணமில்லாமல் மாதவிடாய் நின்றுபோவது, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டபின் பால் சுரக்காமல் போனது, தலையில் பலத்த அடி அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் டி.எஸ்.எச்.-உடன் ஃப்ரீ டி4-ஐயும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எச்.-உம் ஃப்ரீ டி4-உம் சேர்ந்தால் படம் தெளிவாகிவிடும். முதலாவது ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் தைராய்டு குறைவு உறுதி. முதலாவது ஏறி இரண்டாவது நார்மல் என்றால் ஆரம்பநிலைக் குறைவு. முதலாவது இறங்கி இரண்டாவது ஏறியிருந்தால் மிகைச் சுரப்பு. இரண்டும் இறங்கியிருந்தால் பிட்யூட்டரிப் பக்கம் திரும்ப வேண்டும், அல்லது ஆள் வேறு கடுமையான நோயில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு, அறுவைச் சிகிச்சை முடிந்த வாரத்தில், தைராய்டு அளவுகள் தாமாகவே கலைந்து கிடக்கும். தைராய்டையே பலமாகச் சந்தேகித்தால் ஒழிய அப்போது ரத்தம் எடுப்பது வீண்.

சில லேப்களில் 'ரிஃப்ளெக்ஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. முதலில் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பார்கள். அது எல்லை தாண்டினால் அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4-ஐயும் பார்த்துவிடுவார்கள். இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியதில்லை, தேவையில்லாதவருக்குக் கூடுதல் பரிசோதனையும் இல்லை. அந்த வசதி கிடைத்தால் அதைவிட நல்ல தேர்வு கிடையாது.

மொத்த டி3, மொத்த டி4 சேர்ந்த பழைய மூவர் தொகுப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ரத்தத்தில் ஓடும் டி4-இல் 99.9 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. ஒட்டாமல் தனித்து நிற்கும் துளிதான் வேலை செய்கிறது. கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடும். உடனே மொத்த டி4-உம் டி3-உம் ஏறிக் காட்டும். தைராய்டோ நன்றாகவே இருக்கும். டி3-க்கு இன்னொரு குறையும் உண்டு. தைராய்டு குறையும்போது உடல் டி3-ஐக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றும். அதனால் குறைவைக் கண்டுபிடிக்க டி3 உதவாது. டி.எஸ்.எச். இறங்கிப்போய் ஃப்ரீ டி4 நார்மலாக இருக்கும்போது மட்டும் டி3 அவசியம், ஏனென்றால் டி3 மட்டும் ஏறும் மிகைச் சுரப்பு உண்டு. ரிவர்ஸ் டி3-ஐ யாராவது எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள். தினசரி மருத்துவத்தில் அதை வைத்து எடுக்கும் முடிவு ஒன்றும் இல்லை.

தைராய்டுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனை ஒருமுறை செய்தால் போதும், அதுவும் டி.எஸ்.எச். லேசாக ஏறியிருப்பவருக்கு. அது பாசிட்டிவ் என்றால் சொந்த எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்று பொருள். ஆரம்பநிலைக் குறைவு ஆண்டுக்கு நூறில் நான்கு பேர் அளவில் முழுக் குறைவாக மாறும். நெகட்டிவ் என்றால் அந்த வேகம் அதைவிடக் குறைவு. இந்த எண் 300-லிருந்து 900 ஆனது, 900-லிருந்து 200 ஆனது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் கலங்குவதில் பயன் இல்லை. சிகிச்சை அதை வைத்து மாறாது.

டி.எஸ்.எச். 4.5-க்கும் 10-க்கும் நடுவே வந்து, ஃப்ரீ டி4 நார்மலாக இருந்தால் அன்றே மாத்திரை தொடங்க அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். 65 வயது தாண்டியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில், இந்த ஆரம்பநிலைக் குறைவுக்கு மாத்திரை கொடுத்தும் களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மாறாக, இரண்டு முறையும் 10-க்கு மேலேயே நின்றால் பெரும்பாலும் சிகிச்சை உண்டு. கர்ப்பிணிக்கும், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்கு எல்லையே வேறு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரும்பு: அதிகம் தவறு நடக்கும் இடம்

ஹீமோகுளோபின் 12.3 இருக்கிறது, ரத்தசோகை இல்லை, ஆகவே இரும்புக்குறைவு இல்லை. இந்த வாதத்தால் வருடக்கணக்கில் களைப்போடு நடமாடுபவர்கள் ஏராளம். உடல் இரும்பைச் செலவழிக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் சேமிப்பு கரையும். பிறகு ரத்தத்தில் ஓடும் இரும்பு குறையும். அதன் பிறகு சிவப்பணு சிறுக்கும். கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பது, வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு பானையில் அரிசி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போல.

சேமிப்பை நேரடியாகக் காட்டுவது ஃபெரிட்டின். எந்த அளவுக்குக் கீழே குறைவு என்பதில்தான் லேப் ரிப்போர்ட் பலரை ஏமாற்றுகிறது. பெண்களுக்கு நார்மல் 10-லிருந்து தொடங்குகிறது என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபெரிட்டின் 12 வந்தவர் நார்மல் என்று நிம்மதியாகப் போய்விடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே, ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்கிறது. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் அந்த எல்லை 70. நடைமுறையில் அறிகுறி உள்ளவருக்கு 30-க்குக் கீழே என்றாலே பல மருத்துவர்கள் இரும்புக்குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் கருத்தும் அதுதான்.

எழுபது என்ற அந்த இரண்டாவது எல்லைக்குக் காரணம் உண்டு. காய்ச்சல், மூட்டு அழற்சி, கொழுப்புப் படிந்த கல்லீரல், மதுப்பழக்கம் எல்லாமே ஃபெரிட்டினை ஏற்றிக் காட்டும். சேமிப்பு காலியாக இருக்கும்போதும் 55 என்று வந்து ஏமாற்றும். அந்தச் சந்தேகம் இருந்தால் அதே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யும், இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்க வேண்டும். சீரம் அயர்னை, ரத்தம் மொத்தமாகச் சுமக்கக்கூடிய இரும்பின் அளவான டி.ஐ.பி.சி.-யால் வகுத்து நூறால் பெருக்கினால் செறிவு கிடைக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரும்பு பற்றவில்லை. மாறாக 45-க்கு மேல் நின்றால் இரும்பு தேங்கும் நோயைப் பற்றி யோசிக்க வேண்டும், இரும்பு மாத்திரையைத் தொடவே கூடாது.

சீரம் அயர்ன் தனியாக வந்தால் அதற்கு மதிப்பு இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நேற்று மாத்திரை போட்டிருந்தால் இன்னொன்று. காய்ச்சல் வந்தால் தானாகவே இறங்கும். ஃபெரிட்டின் இல்லாமல் சீரம் அயர்னை மட்டும் வைத்திருக்கும் பேக்கேஜ் இரும்பைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது.

இனி முழு ரத்த எண்ணிக்கைக்கு வருவோம். இரண்டு ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஹீமோகுளோபின் 11.2. முதலாவதில் எம்.சி.வி. 76, சிவப்பணு எண்ணிக்கை 4.6, ஆர்.டி.டபிள்யூ. 18. இரண்டாவதில் எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.7, ஆர்.டி.டபிள்யூ. 14. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு, 80-க்குக் கீழே என்றால் சிறுத்துவிட்டது. ஆர்.டி.டபிள்யூ. அணுக்களுக்குள் எவ்வளவு அளவு வித்தியாசம் என்று காட்டுகிறது. எம்.சி.வி.-யை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதலாவதில் 16.5, இரண்டாவதில் 11.2. மென்ட்சர் குறியீடு என்று இதற்குப் பெயர். 13-க்கு மேல் என்றால் இரும்புக்குறைவின் பக்கம் சாய்கிறது, கீழே என்றால் தலசீமியா மரபுக்கூறின் (பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் குறை) பக்கம்.

முதலாமவருக்கு அணு செய்யப் பொருளே இல்லை. அதனால் எண்ணிக்கை குறைவு, பெரிதும் சிறிதுமாகக் கலந்து வருகிறது. இரண்டாமவருக்குப் பொருள் இருக்கிறது, அச்சுதான் சிறிது. எல்லாம் ஒரே அளவில் சிறியதாக, எண்ணிக்கை அதிகமாக வருகிறது. குறியீடு ஒரு சாய்வைத்தான் காட்டும், தீர்ப்பு சொல்லாது. ஃபெரிட்டின் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இரண்டாமவருக்கு ஃபெரிட்டின் 60 என்றால் இரும்பு மாத்திரையால் ஒரு புண்ணியமும் இல்லை. ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: கடும் இரும்புக்குறைவு இருந்தால் எச்.பி.எல்.சி.-யில் தலசீமியா மரபுக்கூறின் அடையாளமான ஏ2 அளவு இறங்கி, நார்மல் போல மறைந்துகொள்ளலாம். இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது. கர்ப்பிணியாக இருந்தால் காத்திருக்காமல் கணவருக்கும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

இரும்புக்குறைவு உறுதியானால் வேலை பாதிதான் முடிந்தது. இரும்பு எங்கே போகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு அதிகப் போக்கு பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்தால் வயிறு, குடல் இரண்டையும் பார்க்காமல் விடவே கூடாது. குடல் புற்றுநோய் சிலருக்கு முதலில் தலைகாட்டுவதே இப்படித்தான். மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் ஏறிவிட்டதே என்று அந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

பி12: ரிப்போர்ட் நார்மல், கால் மரத்துப்போகிறது

மொத்த பி12 மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 350-க்கு மேல் என்றால் குறைவுக்கு வாய்ப்பு கம்மி. நடுவில் கிடக்கும் பகுதிதான் சிக்கல். அந்தப் பரிசோதனை ரத்தத்தில் உள்ள எல்லா பி12-ஐயும் அளக்கிறது. அதில் பெரும்பகுதி அணுக்களுக்குள் போக முடியாத புரதத்தோடு ஒட்டியிருப்பது. நடுப்பகுதியில் விழுந்தவருக்கு மூன்று வழிகள் உண்டு.

ஆக்டிவ் பி12, அணுக்களுக்குள் போகக்கூடியதை மட்டும் அளக்கிறது. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரிடமும் மொத்த பி12 பொய்யாக இறங்கிக் காட்டும் என்பதால், அவர்களுக்கு இதுவே மேல். எம்.எம்.ஏ. இன்னும் நுட்பமானது. பி12 பற்றாமல்போனால் அணுக்களுக்குள் தேங்கும் பொருள் அது. சிறுநீரகம் பழுதானாலும் ஏறும், எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் தெரியாமல் அதைப் படிக்கக் கூடாது. ஹோமோசிஸ்டீன் மூன்றாவது. பி12 குறைந்தாலும் ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் ஏறும். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரம் பிரிக்காவிட்டால் குழாயிலேயே ஏறிவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, மூன்று மணி நேரம் வண்டியில் சுற்றிப் போகும் மாதிரியில் ஹோமோசிஸ்டீன் பார்ப்பது பலன் தராது.

கால் கை மரத்தல், நடையில் தள்ளாட்டம், கண்ணை மூடினால் நிற்க முடியாமை இருந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் தள்ளிவைக்க வேண்டும். ரத்தத்தை எடுத்த கையோடு சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். நரம்பு பாதிப்பு நீண்டால் திரும்பாமலே போகலாம். ரத்தசோகை இல்லை, எம்.சி.வி. நார்மல் என்பதும் இங்கே சமாதானம் ஆகாது. இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தவருக்கு, ஒன்று அணுவைச் சிறுக்க வைக்கும், மற்றது பெருக்க வைக்கும், சராசரி 88 என்று அழகாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் காட்டிக்கொடுப்பது ஏறிக் கிடக்கும் ஆர்.டி.டபிள்யூ.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்பவர், அசைவமும் பாலும் அறவே தொடாதவர், வயிற்றில் அறுவைச் சிகிச்சை ஆனவர், இவர்களுக்குச் சந்தேகம் லேசாக இருந்தாலே பார்த்துவிட வேண்டும்.

வைட்டமின் டி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். களைப்பு ஒன்றை மட்டும் வைத்து இதைப் பார்க்க அவசியம் இல்லை. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2024 வழிகாட்டுதலில், காரணம் இல்லாதவர்களுக்கு வழக்கமாக இதைப் பரிசோதிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எலும்பு வலி, உட்கார்ந்து எழத் தடுமாறும் தொடை, எளிதில் எலும்பு முறிவு, குடல் உறிஞ்சாத நோய், வலிப்பு மாத்திரை, கால்சியம் குறைவு இருந்தால் பார்க்கலாம்.

பார்ப்பதானால் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று எழுதியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1,25 என்று தொடங்குவது வேறு பரிசோதனை. குறைவு இருக்கும்போதே அது நார்மலாகவோ ஏறியோ வரும். மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே தெளிவான குறைவு, 20-க்கு மேல் எலும்புக்குப் போதுமானது. 24 வந்தவருக்கு ரிப்போர்ட்டில் 'போதாது' என்று சிவப்பில் வந்திருந்தாலும் பதற்றம் வேண்டாம். அது 30-ஐ எல்லையாக வைத்த பழைய கணக்கு. இந்தச் சத்தில் உண்மையான ஆபத்து, வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்த பெரிய டோஸை நாளுக்கு ஒன்று என்று சாப்பிட்டுவிடுவது. கால்சியம் ஏறி வாந்தி, ஓயாத தாகம், குழப்பம், சிறுநீரகப் பழுது என்று போய்விடும்.

பரிசோதனை இல்லாமல் மாத்திரை போட்டுப் பார்ப்பது

நான்கிலும் இது ஒரே மாதிரி இல்லை. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை இப்படித் தொடுவது மிக ஆபத்து. தேவையில்லாத டோஸ் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைக் கரைக்கும். பிட்யூட்டரிக் கோளாறில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனின் குறைவும் சேர்ந்திருந்தால், அதை ஈடுகட்டாமல் தைராக்ஸின் கொடுப்பது உயிருக்கே கேடு. இரும்பு அடுத்தது. தலசீமியா மரபுக்கூறு உள்ளவருக்கு அது வீண், இரும்பு தேங்கும் நோய் உள்ளவருக்குத் தீங்கு. பெரியவருக்காக வாங்கி வைத்த இரும்பு மாத்திரையைக் குழந்தை எடுத்து விழுங்கினால் உயிரே போகலாம், பூட்டி வைக்க வேண்டிய மருந்து அது. பி12-இல் மருந்தால் தீங்கு குறைவு, ஆனால் முதலில் மாத்திரை, பிறகு பரிசோதனை என்றால் அளவு ஏறிவிடும், ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். பி12 நிலை தெரியாமல் ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் தொடர்ந்து போடுவதும் தவறு. ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ரத்தம் கொடுக்கும் நாள்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். நாள்தேவை 30 மைக்ரோகிராம்தான். பல லேப் கருவிகள் பயோட்டினையே பசையாக வைத்து வேலை செய்வதால், ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். ரிப்போர்ட் அச்சு அசல் மிகைச் சுரப்பு போலவே இருக்கும். முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்க்கப் போகிறவரே இந்த மாத்திரையைச் சாப்பிடுபவராகவும் இருப்பார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

டி.எஸ்.எச். பின்னிரவில் உச்சத்தில் இருந்து, பிற்பகலில் தாழும். காலை 8 மணிக்கு 5.1 வந்தவருக்கு மதியம் 2 மணிக்கு 3.8 வரலாம். ஒப்பிட வேண்டும் என்றால் எப்போதும் காலையில், ஒரே லேபில். தைராக்ஸின் சாப்பிடுபவர் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்கு ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரையை முந்தைய நாளே நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரமாவது ஆகட்டும்.

சேர்த்துப் படிப்பது

இந்தக் குறைபாடுகள் தனித்தனியாக வருவதைவிடக் கைகோத்து வருவதே அதிகம். தைராய்டு ஹார்மோன் உருவாக உதவும் என்சைமுக்கு இரும்பு தேவை. தைராய்டு குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு கூடி இரும்பு வடியும். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்பு சக்தி சிலருக்கு இரைப்பையையும் தாக்கி, இரும்பு, பி12 இரண்டின் உறிஞ்சலையும் கெடுக்கும்.

ஒரு ரிப்போர்ட்: டி.எஸ்.எச். 6.4, ஃப்ரீ டி4 நார்மல், ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 8, பி12 410. தடித்த எழுத்தில் முதலில் கண்ணில் படுவது டி.எஸ்.எச். ஆனால் களைப்பை விளக்கப் போதுமானது ஃபெரிட்டின். இவருக்கு முதலில் இரும்பைத் தொடங்கி, காரணத்தைத் தேடி, டி.எஸ்.எச்.-ஐ இரண்டு மூன்று மாதம் கழித்து ஆன்டி டி.பி.ஓ.-வுடன் மறுபடி பார்ப்பதே சரியான வரிசை. இவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறதா என்று எச்.பி.ஏ1சி பார்த்திருந்தால், இரும்புக்குறைவு அந்த எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரும்பு மாத்திரையில் அட்டைமேல் உள்ள உப்பின் எடையைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் இரும்பின் எடையைப் பாருங்கள். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராமில் 65, ஃபெரஸ் குளுக்கோனேட் 300-இல் 35. ஒரு வேளை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரை அடுத்த இரும்பைத் தடுத்து நிறுத்தும். அதனால் நாளுக்கு மூன்று வேளை போட்டு வயிற்றைப் புண்ணாக்குவதைவிட ஒரு வேளை போதும், ஒத்துக்கொள்ளாதவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். தைராக்ஸினும் இரும்பும் இரண்டும் சாப்பிடுபவர் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், இரவில் இரும்பு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கால்சியத்துக்கும் அதே நான்கு மணி நேரம். இந்த இடைவெளி தவறியதால் ஏறிய டி.எஸ்.எச்.-ஐப் பார்த்து தைராக்ஸின் டோஸைக் கூட்டுவதும், பிறகு இரும்பு நின்றதும் அந்த டோஸ் மிகையாகிப் படபடப்பு வருவதும் அடிக்கடி நடக்கிறது.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட்டால் பழைய எண்ணே வரும். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், ஆகவே டோஸ் மாற்றிய பின் டி.எஸ்.எச். நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம். ஹீமோகுளோபினை இரண்டு முதல் நான்கு வாரத்தில் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் 1 கிராமாவது ஏறாவிட்டால் மாத்திரை உள்ளே போகிறதா, உறிஞ்சப்படுகிறதா, ரத்தம் இன்னும் போகிறதா என்று கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் இரும்பைத் தொடர்ந்து, அதன் பிறகே ஃபெரிட்டின். இரும்பை ஊசி வழியாக ஏற்றியவருக்கு முதல் சில வாரம் ஃபெரிட்டின் மிக உயர்ந்து காட்டும், ஒன்று இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். வைட்டமின் டி மூன்று மாதம் கழித்து. பி12 ஊசி போட்டவருக்கு பி12 அளவை மறுபடி பார்க்கத் தேவையே இல்லை, அது எப்படியும் உயரத்தில்தான் இருக்கும். அவருக்குப் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபினும், எம்.சி.வி.-யும், காலில் உணர்ச்சி திரும்புகிறதா என்பதும்.